தியாகையரை வரவேற்ற கூடம்

மேனாட்டு இசையில் 'சேம்பர் மியூசிக்' என்று ஒரு வகை உண்டு. சேம்பர் என்றால் அறை. நம் வீட்டு வழக்கில் சொல்வதானால் கூடம். பெரிய மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்து முழக்கும் பல்லியம் அன்று அது. மூவரோ நால்வரோ ஐவரோ வீட்டுக் கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்ந்து, கோல் அசைத்து நடத்துவார் எவருமின்றி, தமக்குள்ளேயே காலப்பிரமாணம் கட்டிக்கொண்டு வாசிப்பது. ஒருவருடைய பகுதியை அவர் ஒருவரே வாசிக்கவேண்டும். கை தவறினால் மறைத்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் கிடையாது. இவ்வகையில் தலையாயது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு. வயோலா வயலினிலும் சற்றுப் பெரியது. ஒரு பஞ்சம அளவு தாழ்ந்த சுருதியுடையது. செல்லோ முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. ஆண் குரலின் கனம் அதற்கு உண்டு.

இவ்வடிவத்துக்கு உருவும் உயிரும் கொடுத்தவர் ஆஸ்திரிய நாட்டு ஹைடன். 1732 முதல் 1809 வரை வாழ்ந்தவர். அவர் வழியில் மோட்சார்ட்டும் பேத்தோவனும் வந்தனர். வியன்னா நகரத்துக் கூடங்களில் இந்நால்வர் இசை ஓங்கி நின்ற அதே காலத்தில்தான் திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் தியாகையர் தம் வீட்டில் அமர்ந்து சீடர்களுக்குக் கீர்த்தனைகள் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். பேத்தோவனும் சியாமா சாஸ்திரிகளும் மறைந்தது ஒரே ஆண்டு, 1827. அவர்கள் இசையும் கூடத்து இசை. நம்முடையதும் கூடத்து இசை. சபாவும் நுழைவுச் சீட்டும் ஒலிபெருக்கியும் பின்னால் வந்தவை. இதனை மறந்துவிட்டு, 'அவர்களுடையது காகிதத்து இசை, நம்முடையது பூசையறை இசை. இரண்டுக்கும் என்ன உறவு?' என்று கேட்பவர் இன்றும் உளர்.

இதை இத்திங்கள் எழுதப் புகுந்ததற்குக் காரணம் அல்சூரிலிருந்து வந்துள்ள ஒரு கடிதம். அன்பரின் மகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாண்டுகளாக மேனாட்டு முறையில் வயலின் பயின்று வருகிறாள். கும்பகோணத்துப் பாட்டி, 'பெண் பிடில் வாசிக்கிறாள் என்றார்கள், ஒரு கீர்த்தனை வாசிக்கத் தெரியவில்லையே' என்று வருந்துகிறார். சரி, கர்நாடக முறையும் சொல்லி வைக்கலாம் என்று ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றால், 'முதலில் அதை விட்டுவிட்டு வரட்டும். இரண்டும் சேர்ந்தால் இரண்டும் கெடும்' என்கிறாராம். பெண்ணோ இரண்டையும் விடமாட்டேன் என்று அழுகிறாள். 'தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறார்.

நாம் சொல்வதைவிட, இந்தச் சிக்கலுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் செய்திருப்பதைக் காட்டுவது மேல்.

1986-ஆம் ஆண்டில் இளையராஜா அவர்கள் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டார்கள். 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்பதே பெயர். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டு வீடுதோறும் நுழைந்தவர் அவர். ஆயினும் இத்தொகுப்பில் படமும் இல்லை, பாட்டும் இல்லை. முழுவதும் வாத்திய இசை. தியாகையருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாக் 1750-இல் மறைந்தார். தியாகையர் பிறந்தது 1767-இல். ஒருவரை ஒருவர் அறிய வழியே இல்லாத இவ்விருவரையும் ஒரு கூடத்தில் உட்கார வைக்கலாமா என்பதே அதில் எடுத்துக்கொண்ட வேலை. அதிலுள்ள ஓர் உருப்படியின் பெயரே 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா': கூடம் தியாகையரை வரவேற்கிறது. முதன்மை வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அந்நாளில் பிருந்தாவன் வண்டியில் சென்னை போய் வந்த நம்மவர் பெட்டிகளில் சுங்குடிச் சேலைக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே இந்த ஒலிநாடாவும் வந்து சேர்ந்ததுண்டு. கேட்டவர்களில் பாதிப் பேர், 'பாட்டு எப்போது வரும்?' என்று காத்திருந்தார்கள்!

வரவேற்பது என்றால் எளிதா? நம் சங்கீதத்தில் தம்புரா ஒரே சட்ஜத்தை ஓயாமல் சொல்லிக் கொண்டிருக்கிறது. காந்தாரம் காந்தாரமாகக் கேட்பது அந்தச் சட்ஜத்தை வைத்துத்தான். மேனாட்டு முறையில் அடிக்குரல் ஓரிடத்தில் நில்லாது. பெயர்ந்து கொண்டே இருக்கும். வயலின் சங்கராபரணத்துக் காந்தாரத்தை நீட்டிப் பிடித்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கீழே செல்லோ சட்ஜத்தை விட்டுப் பஞ்சமத்தில் போய் நின்றால், செவி அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாகக் கொள்ளத் தொடங்குகிறது. மேலே அசையாமல் நிற்கும் காந்தாரம் தைவதமாகக் கேட்கிறது. செல்லோ தைவதத்துக்குப் போனால் அதே காந்தாரம் பஞ்சமமாகிறது. கிரகபேதம் என்று நம் வித்வான்கள் கச்சேரியில் எப்போதாவது ஒருமுறை காட்டிக் கைதட்டல் பெறும் வித்தை, இங்கே அடிக்கொரு தரம் தானாக நேர்ந்து விடுகிறது. அப்படியானால் ராகம் எங்கே நிலைக்கும்?

கமகத்தின் தொல்லை இதனினும் பெரிது. தோடியின் காந்தாரம் எழுதி வைத்த இடத்தில் நிற்பதில்லை. ஆடிக் கொண்டே இருப்பதுதான் அதன் அழகு. நான்கு வாத்தியங்கள் நான்கு சுரங்களை ஒன்றாக ஒலித்துச் சுரக்கூட்டு அமைக்க வேண்டுமானால் அவை நிற்க வேண்டும். ஊஞ்சலில் ஆடுகிறவனோடு கைகோத்துக் கொள்வது எப்படி? எல்லாரும் ஆடினால் குழப்பம். எவரும் ஆடாவிட்டால் தோடி இல்லை.

இனி, பாக்கின் பெயரோடு பிரியாமல் வரும் 'ஃபியூக்' என்னும் கட்டுக்கோப்பை எடுத்துக் கொள்வோம். ஒரு குரல் ஒரு சிறு பல்லவியைத் தொடங்கும். அது மேலே சென்று கொண்டிருக்கும்போதே, இரண்டாம் குரல் அதே பல்லவியைப் பஞ்சமத்திலிருந்து தொடங்கும். பிறகு மூன்றாம் குரல். ஒன்றையொன்று துரத்தும் குரல்கள் யாவும் எந்தக் கணத்திலும் இணக்கமாக ஒலிக்க வேண்டும். கல்யாணியில் 'ச ரி க ம ப' என்று ஒரு பல்லவி அமைத்து, அதை அப்படியே பஞ்சமத்துக்குத் தூக்கிப் பாருங்கள். 'ப த நி' வரையில் சரியாக வரும். அடுத்ததாகப் பிரதி மத்தியமம் போய் விழும் இடம் சுத்த ரிஷபம். கல்யாணியின் வாசற்படியையே மிதிக்கக் கூடாத சுரம் அது! ஆகவே விடை சொல்லும் குரலை ராகத்துக்காக வளைக்க வேண்டும். மேனாட்டாரும் தம் சுருதிக்காக இவ்வாறு வளைப்பதுண்டு. எனினும் நம் ராகத்தின் எல்லை அவர்களுடையதிலும் கடுமையானது. ஆரோகணம், அவரோகணம், பிடிப்புகள் என்று காவல் அதிகம். இக்காவலுக்குள் நின்று பல குரல் எழுதுவது கணக்கும் செவியும் கூடிச் செய்ய வேண்டிய வேலை. 'கீர்த்தனைக்குப் பின்னால் நாலு பிடில் வைத்தார்கள்' என்று இதைத் தள்ளிவிடுவது அறியாமை என்றே கூறுவோம்.

தொகுப்பில் நமக்கு மிகவும் உகந்தது 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்பது. வீட்டுக்குள் பாக்கைச் சந்தித்தாராம். பாக் தனி வயலினுக்காக ஆறு உருப்படிகள் எழுதினார். அவருடைய கையெழுத்துப் படியில் 1720 என்ற ஆண்டு காணப்படுகிறது. அவற்றுள் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி, மூச்சு விடாமல் ஓடும் சுரங்களால் ஆனது. பக்க வாத்தியம் எதுவுமே வேண்டாம் என்று அவர் எழுதியது அது. அதை எடுத்து ஓடவிட்டு, அதன்மேல் நம் முறை வயலின் ஒன்றைப் பேச வைத்திருக்கிறார் இளையராஜா. ஒன்று நில்லாமல் ஓடுகிறது. மற்றொன்று இழைந்து நிற்கிறது. பாக்கின் சுரங்கள் மாறவில்லை. ஆனால் நம் வயலின் அவற்றுக்கு மேலே எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறதோ, அதற்கேற்ப அவை வேறு பொருள் கொள்கின்றன. திண்ணையில் தனியே பேசிக் கொண்டிருந்த பெரியவருக்கு எதிரே இன்னொருவர் வந்து உட்கார்ந்ததும் அதே பேச்சு உரையாடல் ஆகிவிடுவதில்லையா, அதுபோல.

எல்லா உருப்படிகளும் இவ்வளவு இணங்கி வந்தன என்று சொல்ல மாட்டோம். சில இடங்களில் தாளக் கருவிகள் முந்திக் கொள்கின்றன. வேறு சில இடங்களில் இரண்டு இசைகளும் ஒரே பந்தியில் அமர்ந்தும் ஒன்றோடொன்று பேசாமல் உண்டு எழுகின்றன. மெதுவாகச் செல்பவையே நமக்குச் சிறந்தவையாகப் படுகின்றன.

அந்தத் தொகுப்பில் வயலின் பேசிய நரசிம்மனே இவ்வழியில் மேலும் நடந்தார். 1993-இல் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்தார். முதல் வயலின் அவர், ஹேமந்தராஜ் முளியில் இரண்டாம் வயலின், பி. ஜே. சந்திரன் வயோலா, வி. ஆர். சேகர் செல்லோ. திரைப்பட இசைக்கூடங்களில் நாள்தோறும் எழுத்தைப் பார்த்து வாசித்துப் பழகிய கைகள் இவை. அக்காலம் எப்படிப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். மின்னணு விசைப்பலகை ஒன்றே நாற்பது வயலின்களின் ஓசையைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. தந்தி வாத்தியக்காரர்களுக்குத் திரையுலகில் வேலை சுருங்கி வந்தது. அந்த நாளில் நால்வர் கூடி, எவரும் கேளாத ஒன்றை, கர்நாடகக் கீர்த்தனைகளை ஹைடன் வகுத்த வடிவில் வாசிக்கப் புகுந்தார்கள்.

நாம் மேலே சொன்ன முட்டுப்பாடுகளுக்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. எளிமையாகத் தோன்றும் அளவுக்கு உழைத்துச் செய்தது. கீர்த்தனை முதல் வயலினில் தன் கமகங்களோடு முழுமையாக வருகிறது. அதில் கை வைப்பதில்லை. மற்ற மூன்றும் பெரும்பாலும் அசையாத சுரங்களில் நிற்கின்றன. ராகத்துக்கு அயலான சுரத்தைத் தேடிப் போவதில்லை. மேலே ஆடும்போது கீழே நிற்கிறார்கள். மேலே நிற்கும்போது கீழே ஒரு சிறு நடை நடக்கிறார்கள். எங்கே செல்லோ இடம் பெயரலாம், எங்கே பெயர்ந்தால் ராகம் குலையும் என்பதைக் காகிதம் சொல்லாது. தோடியைப் பாடிப் பாடிப் பழகிய செவிதான் சொல்லும். மேனாட்டுச் சுரக்கூட்டு மட்டும் அறிந்தவரும் இதை எழுத முடியாது. கீர்த்தனை மட்டும் அறிந்தவரும் எழுத முடியாது.

இனி, நம் பெங்களூருக்கு வருவோம். இம்மண்ணுக்கு இது புதிதன்று. மைசூர் அரண்மனையில் கர்நாடக வித்வான்களும் மேனாட்டு வாத்தியக் குழுவும் ஒரே அரசரின் ஆதரவில் இருந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அங்கே ஆஸ்தான வித்வானாக இருந்து, சாமுண்டேசுவரியின்மேல் கன்னடத்தில் 108 கீர்த்தனைகள் இயற்றினார். பிழைக்க வந்த ஊரின் மொழியில் பாடியதால் அவர் தமிழ் குறைந்துவிட்டதா என்ன? கடைசி மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார் தாமே 94 கீர்த்தனைகள் செய்தவர், பியானோவும் பயின்றவர். இலண்டனில் வறுமையும் நோயுமாக இருந்த மெட்னர் என்ற ருசிய இசையாசிரியரின் இசையைத் தட்டுகளில் பதிக்கப் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை மைசூர் மன்னருக்கே காணிக்கையாக்கினார்.

மல்லேசுவரத்துப் பக்கம் போகிறவர்கள் வயலின் வடிவில் கட்டியுள்ள சௌடையா நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1980-இல் திறக்கப்பட்டது. திருமகூடலு டி. சௌடையா ஏழு தந்தி வயலின் செய்து கொண்டது ஏன்? ஒலிபெருக்கி இல்லாத நாளில் பெரிய கொட்டகையின் கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டும் என்பதற்காக. கூடத்து இசை கொட்டகைக்குப் போனதால் வந்த தேவை அது. ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியத்தை, பாலுசாமி தீட்சிதர் நாளிலிருந்து, நாம் நம் தேவைக்கு மாற்றிக் கொண்டேதான் வந்திருக்கிறோம்.

இந்நகரில் வாழும் எல். சுப்பிரமணியம் அவர்களின் வரலாறு புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வர நேர்ந்தது. மகன் மருத்துவம் பயின்று, பின் அமெரிக்கா சென்று மேனாட்டு இசையில் பட்டம் பெற்றார். வேத ஒலிகளை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய உருப்படியை 1985-இல் சுபின் மேத்தா நடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக் பல்லியம் வாசித்தது. 2007-இல் பெங்களூரில் இசைப் பள்ளி தொடங்கினார். 2025-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இவர்களில் எவரும் ஒன்றைக் கற்க மற்றொன்றை விட்டவர் இல்லை. ஆயினும், 'இரண்டும் கெடும்' என்ற ஆசிரியரை நாம் பழிக்க மாட்டோம். அவர் அச்சத்துக்கு இடமுண்டு. மேனாட்டு வயலினில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே எங்கும் பஞ்சம இடைவெளி. நம்முடையதில் ச-ப-ச-ப என்று கூட்டுவதால் நடுவிலே இடைவெளி வேறு. அங்கே தாடையும் தோளும் வாத்தியத்தைப் பிடிக்கின்றன. இங்கே சம்மணமிட்டு, வயலின் தலையை வலக் கணுக்காலில் ஊன்றிக் கொள்கிறோம். அதனால் இடக்கைக்குத் தாங்கும் வேலை இல்லை. தந்தியில் மேலும் கீழும் தடையின்றி வழுக்கலாம். கமகம் விளைவது அந்த விடுதலையில். ஒரே வயலினைக் காலையில் ஒரு சுருதியிலும் மாலையில் வேறு சுருதியிலும் முறுக்கிக் கொண்டிருந்தால் தந்தி தளரும். அதைவிட முக்கியமாகக் குழந்தையின் செவி தளரும்.

ஆகையால் அல்சூர் அன்பருக்கு நாம் சொல்வது இது. கூடுமானால் பழைய வயலின் ஒன்றை வாங்கி நம் சுருதிக்கென்றே வைத்துவிடுங்கள். விலையுயர்ந்ததாய் இருக்க வேண்டியதில்லை. முதல் ஓராண்டு கர்நாடக முறைக்கு வயலினே வேண்டாம், வாயால் பாடட்டும். சரளி வரிசையும் அலங்காரமும் தொண்டையில் ஏறிய பிறகு விரலுக்கு வரட்டும். இரண்டு பாடங்களையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசும் உங்கள் பெண்ணுக்கு எந்த இடத்தில் எது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை; ஆனால் அதற்கு முன் இரண்டையும் தனித்தனியே கேட்டிருக்கிறாள். இங்கும் அவ்வாறே. ஆசிரியர் உடன்படாவிட்டால் வேறோர் ஆசிரியரைத் தேடுங்கள். பெண்ணை அழ வைத்து ஒன்றைப் பிடுங்க வேண்டாம். பாட்டியிடம் இரண்டு ஆண்டுத் தவணை கேளுங்கள்.

இத்தகைய இசையை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு வரும் என்று காத்திராதீர்கள். முதல் முறை, தெரிந்த கீர்த்தனையை மேல் வயலினில் பின்தொடருங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டுச் செல்லோவை மட்டும் கேளுங்கள். அது எங்கே சட்ஜத்தில் தம்புராவைப் போல் நிற்கிறது, எங்கே புறப்பட்டுப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். வயோலாதான் கண்டுபிடிக்கக் கடினமானது. நடுவில் ஒளிந்து கொண்டிருக்கும். மூன்றாம் முறையிலோ நான்காம் முறையிலோ அதுவும் அகப்படும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்து விடுவார்கள்.